லேசான வேலை என்று எழுதிய சீட்டு

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சீட்டு எழுதும்போது ‘லேசான வேலை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இத்தனை வருஷம் நர்ஸ் மிஸியாக வேலை பார்த்ததில், புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய உருப்படியான புத்திமதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, என் காலத்துப் புத்தகத்தைவிட நன்றாகவே இருக்கிறது. இதை மட்டும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிற கதை அல்ல. பரவாயில்லை, ரிடையர் ஆகி மெர்கோங்கில் கோழி வளர்ப்பவளுக்கு இனி என்ன பயம்?

நான் மலேசியாவில், கெடாவின் அலோர் ஸ்டார்க்காரி. அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. மாதா கோயில், கான்வென்ட் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைக்குக் கோலா கெடாவிலிருந்து வரும் மீன், இப்படி வளர்ந்தவள். ரப்பர்ப் பால்மரத்தை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். எழுபதுகளின் பின்பாதியில் பயிற்சி முடித்ததும் கெடாவின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் போட்டார்கள். சுற்றிலும் நான்கு தோட்டங்கள். கைக்கு ஒரு பெட்டி, காலுக்கு ஒரு பழைய மோட்டர் சைக்கிள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய், வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டு, கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும்.

முதல் வருஷத்திலேயே ஒரு விஷயத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அதைச் சொன்னால்தான் பிறகு நான் விழுந்த வீழ்ச்சி உங்களுக்குப் புரியும்.

கர்ப்பிணிகளிடம் “குடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும் என்பது விதி. கேட்டால் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு பெண்கூட ஆமாம் என்று சொல்லமாட்டாள். “ஐயய்யோ, என்னா மிஸி இப்படிக் கேட்டுட்டீங்க, நாங்க என்னா அப்படிப்பட்ட குடும்பமா?” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஒருநாள் ஏழு மாதக்காரி ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் கருப்பு பீர் போத்தல்கள் வரிசையாக நின்றன.

“இது யாருக்கு? உன் புருஷனுக்கா?”

“எனக்குத்தான் மிஸி. ரத்தத்துக்கு. தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கிளாஸ்.”

“குடிக்க மாட்டேன்னு என்கிட்ட சொன்னியே!”

“இது குடி இல்லலா மிஸி. மருந்து.”

அவள் பொய் சொல்லவில்லை. வாங்கிக் கொடுத்தது மாமியார். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், நான் பாராட்டுவேன் என்ற முகத்தோடு. மருமகளுக்கு ரத்தம் ஊற வேண்டும், பேரன் சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று தன் வெற்றிலைச் செலவைக் குறைத்து வாங்கியிருக்கிறார். நான் கத்தவில்லை. அந்த மாமியாரிடமே சொன்னேன்: “அம்மா, இவ ஒரு கிளாஸ் குடிச்சா உள்ள இருக்குற புள்ளையும் குடிக்குது. இவ ஈரல் பெரிசு, சமாளிச்சிடும். அதோட ஈரல் கொட்டைப்பாக்கு மாதிரி. அது எங்க சமாளிக்கும்? மூளை வளர்ற நேரம்லா இது.” அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு போத்தல்களை ஒவ்வொன்றாகக் கொல்லைக்கு எடுத்துப்போய்க் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். “குடிப்பியா?” என்று கேட்பதில்லை. “ரத்தத்துக்கு என்னா சாப்பிடுறே? ஒடம்புக்கு யார் என்னா குடுத்தாங்க?” என்று கேட்டேன். பதில்கள் கொட்டின. சீனன் மருந்துக்கடைப் பொடி, மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சிய ஜாமு, நாத்தனார் மிச்சம் வைத்த மாத்திரை, டானிக் ஒயின். ஒன்றுகூட எதிரி கொடுத்தது இல்லை, எல்லாம் பிரியத்தில் வந்தவை. இதைக் கண்டுபிடித்தேன் என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதது எந்த வழியில் வந்தாலும் என் கண்ணில் படாமல் போகாது என்று நினைத்துக்கொண்டேன். படாமல் போனது, என் கையெழுத்திலேயே போனது.

தனபாக்கியம் அந்த நான்கு தோட்டங்களில் சின்னத் தோட்டத்துக்காரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவள். ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றில் தங்கி இரண்டும் போய்விட்டன. இரண்டாவது போனது மேட்டுக்காட்டிலிருந்து காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர்ப் பாலைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது. மூன்றாவதாக நான்கு மாதம் முடிந்து என் மேசைக்கு வந்தாள். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸி, இது மட்டும் நிக்கணும். இதுவும் போச்சுன்னா என் மாமியா வேற பொண்ணு பார்ப்பாங்களாம். அது கெடக்கட்டும் மிஸி, எனக்கே தாங்காது.”

வேலையை விடச் சொல்ல முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே நான் செய்யக்கூடியதைச் செய்தேன். ஒரு சீட்டை எடுத்து மலாயில், நல்ல கான்வென்ட் கையெழுத்தில், ‘கெர்ஜா ரிங்கான் சஹாஜா’ என்று எழுதி, கிளினிக் முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். லேசான வேலை மட்டும் என்று அர்த்தம். “இதை வேலை பிரிக்கிற மண்டோர்கிட்ட குடு. இனிமே காண்டா பக்கம் போகாதே” என்றேன். அவள் அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க நான் எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எடை ஏறியிருந்தது.

“வேலை எப்படி?”

“சொகமான வேலை மிஸி. நெழல்லயே நிக்கிறேன். தூக்க ஒண்ணுமில்ல, ஏற ஒண்ணுமில்ல. தெனம் பத்து மணிக்கு ஒரு மக்கு பாலும் குடுக்குறாங்க.”

அடடா, எவ்வளவு நல்ல தோட்டம் என்று நினைத்தேன். கர்ப்பிணிகளுக்குப் பால் கொடுக்கிறார்களே! அட்டையில் எழுதினேன்: ‘தினமும் பால் குடிக்கிறார். நன்று.’ நன்று என்பதற்கு அடியில் ஒரு கோடும் போட்டேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் என்ன சாப்பிடுகிறாய், யார் கொடுத்தது என்று துருவித் துருவிக் கேட்கிறவள், இவளிடம் காலையிலிருந்து மத்தியானம் வரை உன் கை எதைத் தொடுகிறது என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம், ஆறு மாதம் முடிந்த நிலையில், சட்டையில் ரத்தக்கறையோடு வந்தாள். மூக்கிலிருந்து ஒழுகியதாம். இரண்டு வாரமாக அப்படித்தானாம். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதோ என்று அவசரமாகக் கட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் பார்த்தேன். அப்போதும் சரி. யோசித்துக்கொண்டே அவள் கையை எடுத்தபோதுதான் நகங்களைக் கவனித்தேன். வலது கையில் மூன்று நகங்கள் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து, ஒன்று அடியிலிருந்து பெயர்ந்திருந்தது.

“என்னாது இது?”

“மருந்து பட்டது மிஸி. அளந்து ஊத்துறப்ப கையில வழியும்.”

“என்னா மருந்து?”

“புல்லு மருந்துதான். லாலான் சாகுறதுக்கு அடிப்பாங்களே. மத்தவங்க முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு அடிக்கப் போவாங்க. நான் தண்ணித் தோம்புகிட்ட நின்னு, மருந்தை பால் டின்னுல அளந்து, தண்ணியில கலக்கி அவங்க டேங்க்ல ஊத்தி விடுவேன். அவ்வளவுதான் வேலை.”

அடிக்கிறவர்கள் மேல் படுவது தண்ணீர் கலந்த மருந்து. இவள் கையில் வழிவது கலக்காத மருந்து. அந்தக் கையாலேயே பத்து மணிக்கு மக்கை வாங்கிப் பால் குடித்திருக்கிறாள். அந்தப் பால் கர்ப்பிணிகளுக்காகக் கொடுத்த பால் இல்லை. மருந்து கேங்கில் இருக்கும் எல்லோருக்கும், விஷம் முறிய என்று கொடுக்கிற பால். அது எதையும் முறிக்காது. அதைத்தான் நான் நன்று என்று கோடு போட்டு எழுதியிருந்தேன்.

“யாரு உன்னை அந்த வேலையில போட்டது?” என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஆயாக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு எழுந்து அழ ஆரம்பித்தன.

தனபாக்கியம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “என்னா மிஸி, மறந்துட்டீங்களா? நீங்கதானே! நீங்க குடுத்த சீட்டைப் பார்த்துத்தான் மண்டோர் இந்த வேலை குடுத்தாரு. இதுக்குத் தோட்டத்துல எவ்வளவு போட்டி தெரியுமா? நீங்க நல்லா இருக்கணும்னு மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டேன்.”

தங்கச்சிகளே, முப்பது வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்த நன்றி குத்தியதுபோல எந்தத் திட்டும் குத்தவில்லை.

“நாளைக்கு நீ அந்தத் தோம்புப் பக்கம் போகக்கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பினேன். தலைமை சிஸ்டருக்குப் போன் போட்டேன். அட்டையில் நான் எழுதியதைச் சொல்லி, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு அட்டை எழுதலாமா என்றும் கேட்டேன். ஆமாம், கேட்டேன். மறைக்க மாட்டேன்.

“கிழிச்சா உன் தப்பு போகும், அவ கையில வழிஞ்சது போகாது” என்றார் அவர். “நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டர்கிட்ட காட்டு. அதுக்கு முன்னால காலையில தோட்டத்துக்குப் போ. உன் சீட்டை நீயேதான் திருப்பி வாங்கணும்.” போனை வைத்துவிட்டார்.

தோட்டத்தில் காலைப் பெரட்டு விடியும் முன் நடக்கும். கேங் கேங்காக வரிசையில் நிற்பார்கள், மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். நான் மோட்டரை நிறுத்தியபோது தனபாக்கியம் மருந்து கேங் வரிசையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மண்டோருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல மனிதர், யார் மேலும் கை நீட்டாதவர் என்று பெயர். அவரிடம் போய், “அண்ணே, லேசான வேலைன்னு எழுதினா விஷத்தைக் கலக்கவா விடுவீங்க?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழம்பினார்.

“மிஸி, இந்தத் தோட்டத்துல பொம்பளைங்களுக்கு இதைவிட லேசான வேலை ஏது? காண்டா இல்ல, மேடு இல்ல, டேங்க்கூடத் தூக்க வேணாம். நெழலு, பாலு. எல்லாருக்குமா குடுக்குறேன்? ரெண்டு புள்ள போன பொண்ணாச்சேன்னு நீங்க சீட்டு குடுத்தீங்க. நானும் பாவம்னு குடுத்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “என் மகளையே அந்தத் தோம்புலதான் கூட நிக்க வச்சிருக்கேன் மிஸி. அவளும் முழுகாம இருக்கா. ரெண்டு மாசம். வெளியில யாருக்கும் இன்னும் சொல்லல.”

கோபம் போன இடம் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவேன்? அவர் மேலா? எழுதியது நான். லேசு என்றால் கனம் இல்லாதது என்று அவர் எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். கனத்தால் இரண்டு பிள்ளைகளை இழந்தவளுக்குக் கனம் இல்லாத வேலை கொடுத்திருக்கிறார். பட்டணத்துக்காரியான எனக்குத்தான் அந்த வார்த்தைக்கு இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை.

எழுபது எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தப்பு என்னுது அண்ணே” என்றேன், எல்லோருக்கும் கேட்கிறபடி. “நான் எழுதின சீட்டு தப்பு. அந்த மருந்து தோல் வழியா உள்ள போகும், மூச்சு வழியா போகும். தாய் ரத்தத்துல கலந்தது கொடி வழியா புள்ளைக்கும் போகும். முதல் மூணு மாசத்துலதான் கை, கால், இருதயம் எல்லாம் உருவாகுது. இவளை எடுங்க. உங்க மகளையும் எடுங்க.”

அந்த நேரம் பார்த்துத் தோட்ட மேனேஜர் தொரையின் ஜீப் வந்தது. வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர்கள் தொரையாக வந்த காலம். அவர் என்னிடம் மலாயில்தான் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். மழைக்கு முன் தோட்டத்தில் இரண்டு காடுகளில் மருந்து அடித்து முடிக்க வேண்டும், மிஸி வந்து பெரட்டில் பயம் காட்டினால் நாளைக்கு ஒருத்தியும் மருந்து எடுக்கமாட்டாள் என்றார். கடைசியில், “அடா புக்தி?” என்றார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இந்த மருந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது, காட்டு.

என்னிடம் காகிதம் இல்லை. மருந்து டின்னில் மண்டை ஓட்டுப் படம் இருந்தது, கையில் படக்கூடாது என்று இருந்தது, வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘நூறு சதவீதம் நிச்சயம்’ என்று பொய் சொல்லலாம். வாய் வரை வந்தது. ஒரு பொய் பிடிபட்டால் பிறகு உண்மையும் செல்லாது என்று விழுங்கினேன்.

“ஆதாரம் இல்லை துவான்” என்றேன். “எனக்குத் தெரிந்ததெல்லாம் இதோ இந்த நகம்தான்.” தனபாக்கியத்தின் கையை எடுத்துக் காட்டினேன். “பெரியவள் நகத்தையே பெயர்த்திருக்கிறது. உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இந்த அட்டையிலேயே ஒட்டிவிடுகிறேன். நான் எழுதியதற்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன்.”

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். ‘நன்று’ என்பது தமிழில் இருந்ததால் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். கை சட்டைப் பையில் இருந்த பேனா வரை போனது, அங்கேயே நின்றது. “ரெண்டு பேர்தானே, எடுத்துவிடுங்கள்” என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

நான் மண்டோரின் மேசையிலேயே புதுச் சீட்டு எழுதினேன். லேசு என்ற வார்த்தையே இல்லை. மருந்து கலக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, அடிக்கும் இடத்தில் நிற்கக்கூடாது, மருந்து பட்ட துணியைத் துவைக்கக்கூடாது, தலையிலோ தோளிலோ சுமை கூடாது. நாற்றங்காலில் உட்கார்ந்து பையில் மண் நிரப்பலாம், அவ்வப்போது எழுந்து நடக்கலாம். பழைய சீட்டை மண்டோர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இங்கேயே முடிந்திருந்தால் நானும் மார்தட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மண்டோரின் மகளுக்குக் கலைந்துவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் கிளினிக்குக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

“மிஸி, நான்தான் பண்ணேனா?”

என்னென்னவோ ஆறுதல் வாயில் வந்தது. கடவுள் சித்தம் என்றும், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றும் சொல்லலாம். இல்லவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அவர் மறுநாள் காலை அறுபது பெண்களுக்கு வேலை பிரிக்கப் போகிறவர். இல்லை என்று சொன்னால் அவர் நெஞ்சு ஆறும், தோம்பு பக்கத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். ஆமாம் என்றால் அது எனக்கே தெரியாத விஷயம். முதல் மூன்று மாதத்தில் காரணமே தெரியாமல் எத்தனையோ கலைகின்றன.

“தெரியாது அண்ணே” என்றேன். “மருந்து பண்ணிச்சா, தானா கலைஞ்சதா, யாராலயும் சொல்ல முடியாது. உங்க மகளுக்கு நீங்க குடுத்ததும் தனபாக்கியத்துக்கு நான் குடுத்ததும் ஒரே வேலைதான். ரெண்டு பேரும் நல்லதுன்னுதான் குடுத்தோம். இனிமே தெரிஞ்சே குடுக்க வேணாம்.”

அவர் அழுதார். நானும் அழுதேன். மிஸி அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதைக் கேட்காதீர்கள்.

போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். “மூணு மாசம் வரைக்கும் நம்ம பொம்பளைங்க வாயைத் திறக்க மாட்டாங்களே மிஸி. கண்ணு பட்டுடும்னு புருஷன்கிட்டகூட சில பேரு சொல்றதில்ல. அந்த மூணு மாசம்தான் முக்கியம்ங்கிறீங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

பதிலை அவரே கண்டுபிடித்தார். மறுவாரம் பெரட்டில் அவர் சொன்னதை எனக்குத் தனபாக்கியம் நடித்தே காட்டினாள். “மருந்து கேங்குல இருக்குற பொம்பளைங்க யாருக்காச்சும் நாற்றங்கால் வேலை வேணும்னா, காலையில நேரா போயி அந்த வரிசையில நின்னுக்கலாம். நான் ஏன்னு கேக்க மாட்டேன். பேரும் கேக்க மாட்டேன். வேற யாரும் கேட்டா அவங்களுக்குத்தான் மறுநாள் மேட்டுக்காடு.”

முதல் நாள் யாரும் போகவில்லை. போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே! இரண்டாம் நாள் ஒரு ஐம்பது வயது அம்மாள், பேரன் எடுத்தவர், மருந்து கேங்கிலிருந்து கிளம்பி நேராக நாற்றங்கால் வரிசையில் போய் நின்றாராம். பெரட்டே சிரித்ததாம். “எனக்கும் சந்தேகமா இருக்கு மண்டோரே, இருக்கக் கூடாதா?” என்றாராம். அவருக்குப் பின்னால் மூன்று பேர் போய் நின்றார்கள். அந்த மூன்று பேரில் யார் உண்மையாக நிற்கிறாள், யார் துணைக்கு நிற்கிறாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தொரை ஒரு உத்தரவும் போடவில்லை. நான் அந்த வட்டாரத்தில் இருந்தவரை அந்த வரிசை இருந்தது.

தனபாக்கியத்துக்கு வருவோம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் தொடவிடாதே, வாரா வாரம் பார் என்றார். வேறு என்ன சொல்வார்? மூக்கில் ரத்தம் இரண்டு வாரத்தில் நின்றது. ஆனால் இரண்டு மாதம் மருந்து உள்ளே போனது போனதுதான். மீதி இருந்த மாதங்கள் நான் அவள் வயிற்றில் காதை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், என் நெஞ்சுதான் முதலில் கேட்டது. இந்தத் துடிப்பு நின்றால் காரணம் என் சீட்டு என்று தோன்றும். அவளிடம் உண்மையைச் சொன்னேன். சீட்டில் என்ன எழுதியிருந்தேன், அது ஏன் தப்பு என்று எல்லாமே. “அப்ப மாரியம்மனுக்குப் போட்ட வெளக்கு?” என்றாள். “அது உன் புள்ளைக்கு இருக்கட்டும்” என்றேன்.

பெண் குழந்தை. நாள் கொஞ்சம் முந்தி, எடை குறைவாக, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி. பிறந்ததும் ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை நான், நகத்தைத்தான் எண்ணினேன். கை பத்து, கால் பத்து. வீல் என்று கத்தியது. எடை ஏன் குறைந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பல் தாமதமாக முளைத்தது, நடையும் தாமதம். அதெல்லாம் மருந்தாலா என்றும் தெரியாது. உங்களுக்கும் பல விஷயங்களில் தெரியாமலேதான் இருக்கும். தெரியும்வரை காத்திருந்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பிள்ளை காத்திருக்காது, அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கும்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒருநாள் தனபாக்கியம் மறுபடி என் மேசைக்கு வந்தாள். இரண்டு மாதம். மூன்று மாதம்வரை காத்திருக்காமல் நேராக வந்திருந்தாள். இடுப்பில் அந்தப் பெண், குச்சி மாதிரி கை கால், ஆனால் வாய் என்னைவிட நீளம். என் பேனாவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அட்டையை எழுதி முடித்து, சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பேனாவை வைத்தேன். தனபாக்கியம் கையை நீட்டி, காகிதத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். நகங்கள் நன்றாக வளர்ந்திருந்தன.

“மிஸி, கோவிச்சுக்காதீங்க. மலாயில எழுதுறதை கீழ தமிழ்லயும் எழுதுங்க.”

“எதுக்கு? மண்டோருக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“அவரு படிக்கிறது இருக்கட்டும். இந்த வாட்டி நானும் படிக்கணும்.”

எழுதினேன். மலாயில் ஐந்து வரி, அதற்குக் கீழே தமிழில் ஐந்து வரி. அவள் மகளைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசி வார்த்தைவரை படித்து முடித்த பிறகுதான் சீட்டை மடித்தாள்.

“இப்ப சரி மிஸி” என்றாள்.